கார்டுக்கும் ஒரு பொட்டு

கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. இந்தப் பையைக் கீழே வைக்கச் சொல்லாதே, இது கீழே வைக்கிற பை இல்லை. பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்து வருகிறேன். மடியில்தான் இருக்கணும். நீ மதுரைக்கா? நல்லதாப் போச்சு. வத்திராயிருப்பில் ஏறினதிலிருந்து பேச ஆளில்லை. முன் சீட்டுக்காரர் ஏறின உடனே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை, தாயி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் காலையும் மாலையும் விளக்கேற்றாமல் இருந்ததில்லை. யாராவது எனக்குக் கெடுதல் செய்தால் திருப்பிப் பேச மாட்டேன். அவர்கள் பேரைச் சொல்லி, நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொள்வேன். இப்போது அதிகமாக வேண்டிக்கொள்வது என் மருமகளுக்காகத்தான். அந்தப் பெண்ணுக்குத்தான் தேவை அதிகம்.

பேர் சுடர்விழி. சாமி பேரில்லை, பார்த்தாயா? அவங்கப்பா தமிழ் வாத்தியார், கறுப்புச் சட்டைக்காரர். கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளக்கூட நிற்க மாட்டார். அந்த வீட்டிலிருந்து பெண் எடுத்தோம். எடுத்தோம் என்ன எடுத்தோம், என் பிள்ளை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். வரதன் என்று பேர் வைத்து வளர்த்த பிள்ளை. மூத்தவள் சாத்தூரில் இருக்கிறாள், அவள் நாங்கள் காட்டின இடத்தில் கழுத்தை நீட்டினாள். இவன்தான் இப்படி.

சரி, அதை விடு. பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறாய். மெமரி கார்டு. கல்யாண வீடியோ எடுக்கிறார்களே, அந்தக் கேமராவுக்குள் போடுகிறது. தபால் தலை அளவுதான். வரதனுக்கு அதுதான் தொழில். ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவன் எடுப்பான், இவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். வெட்டி ஒட்டுவது ஒரு வேலையா? நாள் முழுக்கக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் முதுகு வலிக்கிறதாம்.

போன ஆயுத பூஜைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் நான்தான். அரிவாள்மனையில் ஆரம்பித்து இஸ்திரிப்பெட்டி வரைக்கும் துடைத்துப் பொட்டு வைப்பேன். கேமராவுக்கு வைத்தேன், விளக்கு ஸ்டாண்டுக்கு வைத்தேன், அந்தக் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். இந்தக் கார்டு டப்பாவைத் திறந்து ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நன்றாக அழுத்தித்தான் துடைத்தேன், கட்டைவிரலால். அழுக்கு போகணுமில்லையா? அப்போது இவள் ஓடி வருகிறாள்.

“அத்தை, அந்தப் பித்தளைப் பல்லு மேல எதுவும் படக் கூடாது அத்தை.”

சரி, பல்லில் வைக்கவில்லை. முகத்தில் வைக்கலாம் என்றால் அங்கே கம்பெனிக்காரன் படம் ஒட்டியிருக்கிறான். பக்கவாட்டில் பார்த்தால் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ், குழந்தைக்கு நெற்றி மாதிரி. அதற்கென்றே விட்ட இடம் போல இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்தக் குமிழ் மேலேயே வைத்தேன், எல்லாக் கார்டுக்கும். குங்குமமும் வைத்தேன். லட்சணமாக இருந்தது.

அந்தக் குமிழை மேலே தள்ளினால் திறப்பாம், கீழே தள்ளினால் பூட்டாம். பூட்டிவிட்டால் உள்ளே இருக்கிறதைப் பார்க்கலாமே தவிர, புதுசாக ஒன்றும் பதியாதாம், பழசையும் அழிக்க முடியாதாம். இதெல்லாம் அப்புறம் சொன்ன கதை. அன்றைக்கு ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. பல்லைத்தான் சொன்னாள், குமிழைச் சொன்னாளா?

ஐப்பசியில் ராஜபாளையத்தில் ஒரு மில்காரர் வீட்டுக் கல்யாணம். பெரிய இடம். எங்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். பெரிய இடம் என்றுதான் பேர், சாம்பாரில் காயைத் தேடணும். மாலை மாற்றினது, ஊஞ்சல், எல்லாம் கேமராவுக்குள்ளேயே இருந்த கார்டில் எடுத்தான். அதை நான் துடைக்கவில்லை, கேமராவோடு சேர்த்துப் பொட்டு வைத்துவிட்டேன். முகூர்த்தம் நெருங்கும்போது அது நிறைந்துவிட்டது. டப்பாவைத் திறந்து வேறொன்றை எடுத்துப் போட்டான். கேமராவில் சிவப்பாக என்னவோ எழுத்து வருகிறது. ‘பூட்டியிருக்கு’ என்கிறதாம்.

குமிழைத் தள்ளிப் பார்த்தான், வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினான். டக்கென்று குமிழ் ஒடிந்து எங்கேயோ தெறித்தது. அடுத்ததை எடுத்தான். அதுவும் பூட்டு. அதையும் நெம்பினான், அதுவும் ஒடிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அவனுக்கு எப்பவும் அவசரம், அவங்கப்பா மாதிரி. அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். அட்சதை என் பிள்ளை தலையில்தான் விழுகிறது, அவன் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறான். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு சேரை இழுத்துப் போட்டு, அத்தனை ஆம்பளைகள் நடுவில் அதன்மேல் ஏறி நின்று, தன் போனில் படம் எடுக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு நாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் மில்காரருக்கு விஷயம் தெரிந்தது. மனுஷன் சத்தம் போடுகிறார்.

“போன்ல எடுக்கறதுக்கு நீ எதுக்குய்யா? எங்க வீட்டு டிரைவரே எடுப்பானே!”

பெண்ணோட சித்தப்பா ஒருத்தர், பட்டு வேட்டி நழுவ நழுவ, “விடுங்கண்ணே, அதை அவுத்துட்டு இன்னொரு தடவை கட்டச் சொன்னாப் போச்சு” என்றார். பெண்ணோட அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தாலியை அவிழ்த்துவிட்டுக் கட்டுவதாம்! பணம் இருக்கிற அளவுக்கு மூளை இல்லை அந்த வீட்டில். அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வரதன் தன் சிநேகிதன் குபேந்திரனைக் கூப்பிட்டான். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், பெரிய இவன். வந்து கார்டைச் செருகினான். “அம்மா, வைரஸ்ம்மா” என்றான். எனக்குச் சிரிப்பு. வீட்டில் சாம்பிராணி போட்டுக் கொண்டே இருக்கிறேன், வைரஸ் எங்கேயிருந்து வரும்? அப்புறம் எதையோ அமுக்கி, ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தான். எடுத்தால் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து மந்திரம் மாதிரி என்னென்னவோ அடித்தான். ‘எழுத அனுமதி இல்லை’ என்று அதுவும் கைவிரித்தது. ஃபார்மட் பண்ணு என்றான். அதற்கும் அனுமதி இல்லையாம்.

“இது கார்டே போயிருச்சு மாப்ள. தூக்கிப் போட்டுரு.”

இதைச் சொல்வதற்கு இரண்டு டீ, ஒரு தட்டு முறுக்கு. தூக்கிப் போட எனக்குத் தெரியாதா? இவனிடம்தான் ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கொடுக்கிறது. ஊரைச் சொல்லணும்.

மறுநாள் மத்தியானம் நான் பூஜை அறையில் இருந்தேன். இவள் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாகக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறாள். அப்புறம் வளையலிலிருந்து ஊக்கை எடுத்தாள். எடுத்து என்ன செய்தாள் தெரியுமா? சந்தனத்தைச் சுரண்டுகிறாள். பெருமாளே! நான் வைத்த பொட்டை ஊக்கால் சுரண்டி எடுத்து, காகிதத்தில் கொட்டி மடிக்கிறாள். நான் என் கண்ணால் பார்த்தேன். சாமியைச் சுரண்டுகிற கை. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை அவளிடம், அவ்வளவுதான்.

ஒடியாத கார்டில் குமிழ் நகர்ந்துவிட்டது. ஒடிந்ததுதான் அதிகம். அதற்கு என்ன வைத்தியம் பார்த்தாள் தெரியுமா? செலோடேப்பு. ஆமாம்மா, பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட்டு ஒட்டுவார்களே, அதுதான். குமிழ் இருந்த பள்ளத்தின்மேல் பொடிசாக வெட்டி ஒட்டினாள். அந்தப் பள்ளம் மூடியிருந்தால் கேமரா அதைத் திறந்த கார்டு என்று நினைத்துக்கொள்ளுமாம். போட்டுப் பார்த்தாள், பதிந்தது. என்ன பெரிய வித்தை? அதுவரைக்கும் நான் எத்தனை தரம் துளசி சாத்தி வேண்டியிருந்தேன், அது கணக்கில்லையா? வேண்டுதல் என்னுது, பேர் செலோடேப்புக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்படியில் வந்து நிற்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு,

“அத்தை, இனிமே கார்டுக்கு மட்டும் பொட்டு வேணாம் அத்தை. கேமராப் பைக்கு வைங்க, பெரிசா வைங்க. கார்டுல அந்தக் குமிழு ஒட்டிக்குது.”

“ஏன், உங்கப்பா சொன்னாரா?” என்றேன்.

“இல்ல அத்தை. நான் உங்க மகன்கிட்ட எதுவும் சொல்லலை.”

சொல்லலையாம்! என்னமோ எனக்குச் சலுகை காட்டுகிற மாதிரி. சொல்வதற்கு என்ன இருக்கிறது? சந்தனம் வைத்ததைச் சொல்வாளா? சொல்லட்டுமே. எந்த ஊரில் சந்தனம் வைத்துக் கெட்டுப்போன பொருள் இருக்கிறது? சரி சரி என்று தலையாட்டி வைத்தேன். தலையாட்டினது வாக்குக் கொடுத்ததாகுமா?

இதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. வரதன் கடையை மூடிவிட்டு வந்தான். மில்காரர் மண்டபம் மண்டபமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, முன்னாடி பேசிவைத்திருந்த கல்யாணமெல்லாம் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று போன் வருகிறது. முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தான்.

“எப்படி எல்லாக் கார்டும் ஒரே நேரத்துல பூட்டும்? யாரு தொட்டது? எனக்குத் தெரிஞ்சாகணும்.”

நான் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவனிடம் சொன்னாள்:

“நான்தாங்க. வெல குறைச்சலா இருக்கேன்னு மட்டமான கார்டா வாங்கிட்டேன். குமிழு ஒழுங்கா இல்லை. நான் பாத்திருக்கணும்.”

கேட்டாயா? அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள். நான் அன்றைக்கே நினைத்தேன், இது இவள் வேலையாகத்தான் இருக்கும் என்று. மலிவு பார்த்து வாங்கியிருக்கிறாள். என் பிள்ளை எழுந்து நின்று ஏசினான் பார், அப்படி ஏசினான். “எங்கம்மா சொன்னது சரியாப் போச்சு, உனக்குப் பொறுப்பே கிடையாது” என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தர் தப்பை ஒத்துக்கொள்ளும்போது நடுவில் பேசுவது அழகா? எழுந்து போய் அவளுக்காக ஒரு விளக்கு அதிகமாகப் போட்டேன். நம்மால் முடிந்தது அதுதானே.

அந்தக் கல்யாணக் காலம் அப்படியே போய்விட்டது. தை வந்தது, ஒருத்தரும் வரவில்லை. புதுக் கார்டு வாங்கக் கையில் ஓட்டம் இல்லை, அந்த ஒட்டுப் போட்ட கார்டுகளை வைத்துக் காதுகுத்து, சடங்கு என்று சில்லறை வேலைதான். இவள் சும்மா இருக்கிறாளா? மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குகிறாள். வீட்டுப் பெண் ஏறி இறங்குகிற இடமா அது? கடைசியில் அவங்கப்பாவிடம் படித்த யாரோ ஒருத்தர், மதுரையில் இருக்கிறார், தன் பெண் கல்யாணத்துக்கு எடுக்கச் சொல்லிவிட்டார். சிபாரிசு. அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் தயவில் என் பிள்ளை பிழைக்கணும் என்று இருக்கிறது பார். இன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நாளைக் காலையில் முகூர்த்தம்.

வரதன் முந்தாநாள் சாப்பிடும்போதே சொல்லிவிட்டான்: “இது ஒண்ணு நல்லபடியா முடியணும்மா. இதுவும் சொதப்பினா கேமராவ வித்துட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிருவேன்.” எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளை பனியன் மடிப்பதா? கல்யாண வீட்டில் அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஜனங்கள் வழிவிடும், தாயி. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவள் நான்.

அதனால்தான் இந்தத் தரம் ஒருத்தரையும் நம்பவில்லை. நேற்று ராத்திரி கேமராப் பைக்குள்ளிருந்து கார்டு டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டேன். விடிந்ததும் கோயிலுக்குப் போய்ப் பாதத்தில் வைத்து வாங்கி, அவர்கள் கிளம்புமுன் பையில் போட்டுவிடலாம் என்று. இன்றைக்கென்று பார்த்து ஏதோ பெரிய மனுஷன் குடும்பத்தோடு வந்து அர்ச்சனைக்கு நின்றான். அவன் பேர், அவன் பெண்டாட்டி பேர், நாய்க்குட்டி பேர் வரைக்கும் சொல்லி அர்ச்சனை. நான் வீட்டுக்கு வருவதற்குள் இவர்கள் வேனில் கிளம்பிப் போய்விட்டார்கள். போனால் என்ன? பஸ் இருக்கிறதே.

திறந்து காட்டட்டுமா? கை சுத்தமாக இருக்கிறதா உனக்கு? பார். பளிச்சென்று இருக்கா? டேப்பெல்லாம் எடுத்துவிட்டேன். பின்னே? ஒட்டுப் போட்டதைக் கொண்டுபோய்ப் பெருமாள் பாதத்தில் வைப்பதா? நகத்தால் நிதானமாக உரித்தேன், பிசுபிசுப்புப் போகத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அந்தப் பள்ளத்தில் கோயில் சந்தனம். இது பாதத்துச் சந்தனம்மா, வீட்டில் அரைத்தது இல்லை. இனி எந்தப் பூட்டு நிற்கும் பார்க்கலாம்.

இந்தா, போன் அடிக்கிறது. யாரு பேர் வருகிறது? அவளா? இந்தப் போனில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. சத்தம் வெளியே வருகிற மாதிரி அமுக்கிவிடேன்.

“அத்தை, எங்க இருக்கீங்க? காலையில இருந்து அடிக்கிறேன்.”

“கல்லுப்பட்டி தாண்டியாச்சு. கோயில்ல போனை அமத்தி வெச்சிருந்தேன்.”

“அத்தை, கார்டு டப்பா உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு இருக்கு. பாதத்துல வெச்சு எடுத்தாறேன்.”

“அய்யோ, இருக்கா! சரி அத்தை, சரி. அந்த டேப்பு… டேப்பு அப்படியே இருக்குல்ல அத்தை?”

“அந்தக் கண்றாவியெல்லாம் இல்லை. சுத்தமா இருக்கு.”

கட்டாகிவிட்டதா? இல்லையே, பின்னால் மேளக்காரன் சுருதி சேர்க்கிறது கேட்கிறது.

“சரி அத்தை. நீங்க மண்டபத்துக்கு வந்ததும் நேரா என்கிட்ட குடுங்க. அவர்கிட்ட குடுக்காதீங்க. வாசல்லயே நிக்கிறேன். பாத்து இறங்குங்க, படி உசரமா இருக்கும்… ஏங்க, கெடைச்சிருச்சுங்க! அத்தைகிட்ட இருக்கு. நான்தான் குடுத்துவிட்டேன், கோயில்ல வெச்சு எடுத்துட்டு வாங்கன்னு. சொல்ல மறந்துட்டேன். நீங்க எதிர்க் கடையில ஒரு செலோடேப்பு மட்டும் வாங்கிட்டு வாங்க… ஆமா, என் தப்புத்தான். திட்டணும்னா அப்புறமாத் திட்டுங்க, இப்ப கூட்டம் வந்துரும்.”

கேட்டாயா? கேட்டாயா தாயி? என்னிடம் கொடுத்துவிட்டாளாம்! அவள் கொடுக்கவே இல்லை, நானாக எடுத்தேன். இப்போதுதானே உன்னிடம் சொன்னேன்? கட்டின புருஷனிடம், பட்டப்பகலில், மேளச் சத்தத்துக்கு நடுவில் கூசாமல் பொய். அதுவும் கோயில் பேரைச் சொல்லிப் பொய்! அந்த வாத்தியார் வளர்ப்பு வேறு எப்படி இருக்கும்?

இரு இரு, அமத்தாதே. வரதன் ஏசுகிறான், கேட்கிறதா? “வேலை நாள்ல ஒனக்கு என்னடி திடீர்னு பக்தி? அறிவிருக்கா ஒனக்கு?” என்கிறான். நன்றாகக் கேள், ராசா. அவள் பதிலே பேசவில்லை பார். ஒரு வார்த்தை வருகிறதா? வராது. தப்பு செய்தவளுக்கு வாய் ஏது?